என் பெயரில் உள்ள ழ

வேலூர்
5.10.2025

அன்புள்ள தம்பி வெற்றிவேலுக்கு,

அக்கா பூங்குழலி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீயும் சுமலதாவும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். ஒப்புக்கு எழுதவில்லை, கோபத்திலும் அது மட்டும் மாறவில்லை.

போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம். போன தடவை நடுவில் ஒரு பெண் குரல், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று சொன்னது. அக்காவோடு பேசுவதைக்கூடப் பதிவு செய்கிறாயா நீ? அதனால்தான் கடிதம். நீயும் உன் கையாலேயே பதில் எழுது. டைப் அடித்து அனுப்பினால் உன் வக்கீல் பேசுகிற மாதிரி இருக்கும்.

நான் பங்கு கேட்டுப் போட்ட கேஸுக்குப் பதிலாக நீ செஞ்சி கோர்ட்டில் கொடுத்த உயிலின் நகல் வந்து சேர்ந்தது. படித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் ஆவணியில் நைனா எழுதியதாகத் தேதி போட்டிருக்கிறது. பிழையோடு அப்படியே பார்த்து எழுதுகிறேன்: "என் மகள் பூங்குழலி தெரு மாறிப் போனவள். அவளை நான் மகளாக நினைக்கவில்லை. என் சொந்த சம்பாத்தியத்தில் வாங்கின வல்லம் ரோட்டுக்குக் கிளக்கே உள்ள கொல்லையும் பளைய வீடும் முளுக்க என் மகன் வெற்றிவேலுக்கே."

தெரு மாறிப் போனவள். ஊர்த்தெருவில் பிறந்து காலனிப் பிள்ளையைக் கட்டிக்கொண்டதற்கு நம் சனம் எனக்கு வைத்த பட்டம். கல்யாணத்துக்கு நைனா வரவில்லை, அது உண்மை. மூத்தவள் பிறக்கிற வரைக்கும் பேசவில்லை, அதுவும் உண்மை. பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் கடலை மூட்டையோடு வந்து இறங்கினாரே, அது யார்? என் மாமியார் மீனம்பாள் வைத்த கருவாட்டுக் குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கி, "சம்பந்தியம்மா கைல இன்னா இருக்குதுன்னு தெரியல, போதும்னு சொல்ல வாய் வரல" என்று சிரித்தாரே. என் வீட்டில் கை நனைத்துவிட்டு ஊருக்குப் போய் இதை எழுதினாரா? அப்படியானால் இத்தனை வருஷமும் எங்களிடம் நடித்தாரா?

கொல்லை பிறகு. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த வரியை நைனா எழுதினாரா?

உன் அக்கா,
பூங்குழலி


செஞ்சி
14.10.2025

அன்புள்ள அக்கா பூங்குழலிக்கு,

தம்பி வெற்றிவேல் எளுதுவது. உன் லெட்டர் கிடைத்தது. பேனா பிடித்து எத்தனை வருசம் ஆச்சு, கை வலிக்குது. எளுத்துப் பிளை இருக்கும், சிரிக்காதே. எனக்கு ஒளுங்கா எளுத வருவது உன் பேர் ஒண்ணுதான். சின்ன வயசுல தப்பா எளுதினா முட்டி போடச் சொல்லுவே, சரியா எளுதினா தேன்மிட்டாய் குடுப்பே. அந்தப் பளக்கம், இன்னைக்கும் உன் பேர் எளுதினா நாக்கு இனிக்குது.

ரெக்கார்டு நான் போடவில்லை. போன்ல அதுவா வருது. உன் பக்கம் ரெக்கார்டு போடறீங்கன்னுதான் நான் நினைச்சேன்.

உயில் விசயத்துக்கு வரேன். முளுக்க முளுக்க நைனா தன் கையால் எளுதினது. நான் பக்கத்தில்கூட இல்லை. பக்கத்து வீட்டு குருவும் என் மச்சான் அறிவுமதியும் சாட்சி. நைனா செத்த பிறகு டிரங்குப் பெட்டியில வேட்டிக்குக் கீளே இருந்தது. உன் வீட்டில் வந்து சாப்பிட்டார்ன்னு சொல்றே. நைனா பேச்சுக்கு ஒண்ணு, மனசுக்கு ஒண்ணு வெச்சிருந்தார்னா அதுக்கு நான் இன்னா செய்யறது?

நீ பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் குடுத்து, போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வெச்சே. ஊரே பார்த்து பொண்ணுன்னா இப்படி இருக்கணும்னுச்சு. கடைசி நாலு மாசம் பீ மூத்திரம் அள்ளினது நானும் சுமலதாவும். அதை யாரு ஸ்டேட்டஸ் வெச்சா? எத்தனை நாள் மாட்டுக் கொட்டாயில் உட்கார்ந்து அளுதேன் தெரியுமா.

நம்ம கோட்டைக்கு உலகம் பூரா பேர் வந்ததும் வல்லம் ரோட்டுல எல்லாரும் பிளாட் போட அலையுறாங்க. அதுக்கு அப்புறம்தான் நீ கேஸ் போட்டே. இதை நான் சொல்லல, ஊர்ல பேசிக்கறாங்க.

சுமலதா கேட்டதாகச் சொன்னாள்.

உன் தம்பி,
வெற்றிவேல்


வேலூர்
27.10.2025

அன்புள்ள வெற்றிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். நாற்பத்தொரு வயதிலும் எழுத்துக்கு ள போடுகிறாய். நைனா பேச்சு அப்படியே உன் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு அந்த நாலு மாதத்தைப் படித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் இருவரும் செய்ததை நான் செய்யவில்லை. சுமலதாவிடம் சொல், அதற்காக அவளுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

ஆனால் ஊர் பேசுவதை என் தலையில் கட்டாதே. நைனா காரியம் முடிந்த மறுநாளே, "நம்ம பங்கு எப்பிடிடா வெச்சிக்கலாம்?" என்று உன்னைத்தான் கேட்டேன். "பார்க்கலாம்கா" என்றாய். அப்போது கோட்டைக்குப் பேரும் வரவில்லை, உயிலும் வரவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. உன் மச்சான் அறிவுமதி கொடுத்தால் நைனா தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். மாட்டை வரப்பில் விட்டுக் கடலையை மேய்த்தான் என்று அவனோடு பேச்சையே விட்டவர். ஊரில் வேறு ஆளே இல்லாமல் அவனையா சாட்சிக்குக் கூப்பிட்டார்?

தலைத் திவசம் ஆகாததால் இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை. பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். நைனா இல்லாத வீட்டை நினைத்தால் எனக்கு ஊர் நினைப்பாகவே இருக்கிறது. அங்கே மழை எப்படி? கிழக்குக் கொல்லையில் உழவு ஓட்டியாயிற்றா? கிணற்றுக்குப் போகிற பழைய வழி போன புயலில் அடித்துக்கொண்டு போனதே, சரிசெய்தாயா? வாழை வைக்கப் போவதாக நைனா சொன்னார், வைத்தாரா? கேஸ் ஒரு பக்கம் கிடக்கட்டும். எனக்கு ஊர்ச் சேதி எழுது.

உன் மாமாவை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே நீ. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் பட்டது.

அக்கா,
பூங்குழலி


செஞ்சி
9.11.2025

அன்புள்ள அக்கா பூங்குழலிக்கு,

நலம். வளவன் சாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இங்கே நல்ல மளை. ராஜகிரி மலை நாலு நாளா கண்ணுக்கே தெரியல, மேகம் மூடிக் கிடக்குது. டூரிஸ்ட் பஸ் மட்டும் நிக்கவில்லை. குடை புடிச்சுக்கிட்டு ஏறுறாங்க. கிளக்குக் கொல்லையில் உளவு ஓட்ட முடியல, டிராக்டர் இறங்கினா சேறுல மாட்டிக்கும். மார்களி பொறந்துதான் கடலை போடணும். கிணத்துக்குப் போற பளைய வளி இன்னும் அப்படியேதான் கிடக்குது. வாளை வைக்கவில்லை. நைனா சொன்னதோட சரி. மத்தபடி மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை ஏத்துறது, பிள்ளைங்க ஸ்கூல், இப்படியே வாள்க்கை ஓடுது.

அறிவுமதி விசயம் கேட்டே. சாகப்போற வயசுல பளைய பகையை யாரு வெச்சுக்குவா? நைனாவே கூப்பிட்டு அனுப்பினார். மத்தவங்க சாட்சி போடும்போது நான் கமிட்டியில இருந்தேன். மறுபடி சொல்றேன், அந்த உயிலில் நான் ஒரு எளுத்துகூட எளுதல. கோர்ட்டிலயும் அதைத்தான் எளுதிக் குடுத்திருக்கேன்.

நானும் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே. கேஸ் போட்டவ எதுக்கு மளையையும் உளவையும் விசாரிக்கறே? கொல்லையை அளக்க ஆளு அனுப்பப் போறியா? போன வாரம் பைக்குல ரெண்டு பேர் வந்து ரோட்டுல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. உன் வக்கீல் ஆளுங்களா? சுமலதா, "ஒங்கக்கா சும்மா விசாரிக்க மாட்டாங்க, உசாரா இரு"ன்னு சொல்றா. நான்தான் அக்கா அப்படிக் கிடையாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். என் பேச்சைக் காப்பாத்து.

உன் தம்பி,
வெற்றிவேல்


வேலூர்
30.11.2025

அன்புள்ள வெற்றிக்கு,

'வளவன் சார்' என்று நீ எழுதியதைப் பார்த்து உன் மாமா, "மச்சான் எனக்கு பதவி உயர்வு குடுத்துட்டான்" என்று சிரித்தார். அவருக்குச் சிரிக்க வருகிறது, எனக்கு வரவில்லை.

பைக்கில் வந்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. பிளாட் புரோக்கர்களாக இருக்கும். ஆனால் சுமலதா சொன்னது சரி. நான் சும்மா விசாரிக்கவில்லை. உன் பேச்சை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

முதல் கடிதத்தில் உன்னைக் கையால் எழுதச் சொன்னபோது மனதில் ஒன்றும் இல்லை. உன் எழுத்தைப் பார்த்தால் உன்மேல் நம்பிக்கை வரும் என்று நினைத்தேன். நீ தேன்மிட்டாய் கதை எழுதினாய் பார், அங்கேதான் எனக்குச் சுரீர் என்றது. உயிலை எடுத்து மறுபடி படித்தேன். கிழக்குக்கு ள. பழையதுக்கு ள. முழுக்க என்பதற்கும் ள. நம் வீட்டு ஆம்பிளைகள் இருவரும் அப்படித்தான் எழுதுவீர்கள், அதனால் நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஆனால் என் பெயரில் மட்டும் ழ, கொம்பு வைத்து, கால் மடக்கி, அழகாக.

இன்னும் சந்தேகம் தீராமல்தான் மழையையும் உழவையும் வாழையையும் கேட்டேன். மளை என்றாய், உளவு என்றாய், வாளை என்றாய். மேலே மட்டும் பூங்குழலிக்கு என்று சுத்தமாக எழுதியிருந்தாய். வலை விரித்தேன் என்று சொல்லிக்கொள், ஒப்புக்கொள்கிறேன்.

நைனாவுக்கு என் பெயரைச் சாகும்வரை சரியாக எழுத வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதே பூங்குளலி என்று எழுதிக் கொடுத்து, வாத்தியார் திருத்தினார். கல்லூரியில் சேர்த்தபோதும் அதே கதை. "பொறந்தப்ப நான் கூப்ட்ட பேரு, எனக்குத் தெரியாதா?" என்பார். கடலை மூட்டையை பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர் மாற்றி இறக்கிவிடுவார் என்று சாக்கின்மேல் மார்க்கரில் பெரிசாக என் பெயரை எழுதுவார். போன பொங்கலுக்கு வந்த சாக்கை உன் மாமா மொட்டை மாடியில் ரோஜாத் தொட்டிக்குப் போர்த்தியிருந்தார். உன் கடிதத்தோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். வெயிலில் வெளுத்திருந்தாலும் எழுத்து தெரிகிறது: பூங்குளலி, வேலூர்.

உயில் ஆவணியில். சாக்கு அதற்குப் பிறகு வந்த தை மாதத்தில். ஆவணியில் ழ தெரிந்த நைனாவுக்குத் தையில் மறந்துபோயிற்றா? உலகத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் ள போட்டுவிட்டு என் பெயருக்கு மட்டும் ழ போடுகிற ஆள் ஒருவன்தான். அவனுக்கு நான்தான் பழக்கினேன்.

இதை இன்னும் என் வக்கீலிடம் சொல்லவில்லை. உன் மாமாவிடம் மட்டும் சொன்னேன். "அவனுக்கும் ஒரு நியாயம் இருக்குது, நாலு மாசம் பார்த்திருக்கான், கூப்பிட்டுப் பேசு" என்றார். பேசத்தான் எழுதுகிறேன்.

வெற்றி, கொல்லையை வைத்துக்கொள். வீட்டையும் வைத்துக்கொள். நைனாவைப் பார்த்துக்கொண்டதற்கு அது உனக்குத் தகும். எனக்குப் பங்கு வேண்டாம் என்று ரிஜிஸ்டர் ஆபீஸில் வந்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், கேஸையும் வாபஸ் வாங்குகிறேன். எனக்கு நீ ஒரே ஒரு வரி எழுது: 'அக்கா, அந்த வார்த்தையை நைனா எழுதவில்லை.' யார் எழுதியது என்றுகூட எழுத வேண்டாம். நைனா என்னை மகளாக நினைத்துத்தான் செத்தார் என்று எனக்குத் தெரிந்தால் போதும். அந்தக் காகிதத்தை யாருக்கும் காட்ட மாட்டேன், என் பிள்ளைகள்மேல் சத்தியம்.

பயப்படாதே. நான் உன்னை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு அந்த மண்ணில் வீடு கட்டிக் குடியிருக்கப் போகிறேனா? மார்கழி பிறப்பதற்குள் எழுது. கடலை போடுவதற்குள் நம் மனசு சரியாகட்டும்.

அக்கா,
பூங்குழலி


செஞ்சி
18.12.2025
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

அன்புள்ள அக்கா பூங்குளலிக்கு,

தாங்கள் 30.11.2025 அன்று எழுதிய கடிதம் கிடைத்தது. அதில் எழுதியுள்ள அனைத்தும் தாங்களாகக் கற்பனை செய்துகொண்டவை. உயில் எங்கள் தகப்பனார் செல்லப்பன் அவர்கள் நல்ல நினைவோடு தன் கையால் எழுதியது. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் இனிமேல் எது பேசுவதாக இருந்தாலும் வக்கீல் வழியாகப் பேசிக்கொள்ளவும். தாங்கள் சொல்லும் வரியை எழுதித் தர இயலாது.

நான் எப்போதும் தங்கள் பெயரை இப்படித்தான் எழுதுவேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். முன்பு எழுதிய கடிதங்களில் வேறு மாதிரி இருந்தால் அது பிறர் சொல்லி எழுதியது.

இங்கே மழை விட்டுவிட்டது. கிழக்குக் கொல்லையில் உழவு முடிந்து கடலை போட்டாகிவிட்டது.

இப்படிக்கு,
செ. வெற்றிவேல்


வேலூர்
27.12.2025

வெற்றிவேலுக்கு,

ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டு உன் கடிதத்தை வாங்கினேன். தபால்காரர் குஷியாக, "செஞ்சியில இருந்தா, ஊருல விசேசமாம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

மழையைச் சரியாக எழுதியிருக்கிறாய். கிழக்கு, உழவு, வழக்கு எல்லாம் சரி. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறார்கள். கடிதம் முழுக்க ஒரே ஒரு பிழை, அது என் பெயர். என் பெயரை முதன்முதலாக எனக்கே தப்பாக எழுதியிருக்கிறாய்.

நைனா தெரியாமல் எழுதினார். எத்தனை தரம் திருத்தினாலும் அவருக்கு அது வாயில் இருந்த மாதிரிதான் கையிலும் வந்தது. நீ தெரிந்து எழுதியிருக்கிறாய். அந்த ழவை நிறுத்துவதற்கு உன் கை எவ்வளவு கூசியிருக்கும் என்று காகிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ள போட்ட இடத்தில் மை திட்டாக நின்றிருக்கிறது. என் சத்தியத்தை நீ நம்பவில்லை. வரியை வாங்கிக்கொண்டு உள்ளே தள்ளிவிடுவேன் என்று நினைத்துவிட்டாய்.

உன்னிடம் ஒரு வரி கேட்டேன், நீ ஒரு எழுத்தில் பதில் சொல்லிவிட்டாய். அந்த வார்த்தையை நைனா எழுதவில்லை. எனக்கு இனிச் சந்தேகம் இல்லை. அன்றைக்கு ராத்திரி என் மாமியாரிடம் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லி வயிறு நிறையச் சாப்பிட்டேன். என் வீட்டில் நைனா சாப்பிட்டதெல்லாம் மனதாரத்தான் சாப்பிட்டிருக்கிறார். அவர் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார். உன்னைத்தான் எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

விடுதலைப் பத்திரம் இனிக் கிடையாது. சட்டம் எனக்கு எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவையும் கேட்பேன். மண்ணுக்காக இல்லை, அந்த வரிக்காக. அது நைனா பேரில் கோர்ட்டுக் கட்டில் கிடக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. உன் கடிதங்களையும் சாக்கையும் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். தேன்மிட்டாய் கடிதத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அதுதான் முக்கியம் என்றார் வக்கீல். கொடுக்கும்போது அழுதேன். உனக்கு அது சந்தோஷமாக இருந்தால் இருக்கட்டும்.

தை மாதம் வாய்தா. நம் ஊர் கோர்ட்டு டவாலி வராந்தாவில் நின்று, "பூங்குளலி, பூங்குளலி" என்று மூன்று தரம் கூப்பிடுவார். நைனா கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். நான் உள்ளே வருவேன்.

செ. பூங்குழலி